நிர்வாகத்தில் கேயாஸ் கோட்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகக் கூட்டங்களில் ‘கேயாஸ்’ என்ற சொல் இரண்டு சந்தர்ப்பங்களில் அடிபடும். திட்டம் சொதப்பியதற்குச் சாக்குச் சொல்லும்போது ஒன்று. ஆலோசகர் யாராவது பட்டாம்பூச்சிப் படம் போட்ட ஸ்லைடைக் காட்டும்போது இன்னொன்று. இரண்டுக்கும் அந்தக் கோட்பாட்டுக்கும் தொடர்பு கம்மி. கோட்பாடு உண்மையில் என்ன சொல்கிறது, அதில் ஒரு நிறுவனத்தை நடத்துபவருக்கு உதவுவது எது, வெறும் அலங்காரப் பேச்சு எது என்று பிரித்துப் பார்க்கும் முயற்சி இது.

கேயாஸ் என்றால் ஒழுங்கின்மைதானே?

தமிழில் ‘ஒழுங்கின்மைக் கோட்பாடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாதிக் குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. கணிதத்தில் கேயாஸ் என்று சொல்லப்படும் அமைப்பில் விதிகள் கறாராக இருக்கும். தற்செயலுக்கு இடமே கிடையாது. இன்றைய நிலை முழுத் துல்லியமாகத் தெரிந்தால் நாளைய நிலையைக் கணக்குப் போட்டுவிடலாம். அந்த ‘முழுத் துல்லியம்’ தான் சிக்கல். தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு வித்தியாசம் படிக்குப் படி பெருகி, கொஞ்ச நேரத்தில் இரண்டு பாதைகளைச் சம்பந்தமே இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டுவிடும். அப்போதும் அவை கண்ட இடத்துக்கும் ஓடிவிடாது. ஓர் எல்லைக்குள்ளேயே சுற்றி வரும், ஆனால் ஒருபோதும் வந்த தடத்திலேயே திரும்ப வராது.

‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்பதைத்தான் சுற்றிவளைத்துச் சொல்கிறார்கள் என்று சிலர் நினைப்பார்கள். கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. பழமொழியில் தொடக்கம் தப்பு, அதனால் முடிவும் தப்பு. இங்கே தொடக்கத்தில் யார் மேலும் தப்பு இல்லை. யாராலும் அளக்க முடியாத அளவுக்குச் சின்ன வேறுபாடு, அவ்வளவுதான்.

மேசை மேல் காகிதங்கள் மலைபோல் குவிந்திருக்கும் அலுவலகம் கேயாஸ் ஆகாது. அது வெறும் அலங்கோலம்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

வானிலையியலாளர் எட்வர்ட் லோரென்ஸ் என்ற பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு எழுபது வருடம் முன்பே பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆன்ரி புவான்கரே இதன் வாசலைத் திறந்துவிட்டார். மூன்று வான்பொருள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுற்றினால் அவற்றின் பாதை என்ன என்ற கேள்விக்கு அவர் எழுதிய கட்டுரை, ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் அறிவித்த பரிசை 1889-இல் வென்றது. அச்சான பிறகு கட்டுரையில் ஒரு பிழை இருப்பது தெரிந்தது. அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி அச்சிட அவர் கையிலிருந்து போன பணம் பரிசுத் தொகையைவிட அதிகம். ஆனால் அந்தப் பிழையைத் திருத்தும்போதுதான், இன்று கேயாஸ் என்று சொல்வதன் முதல் உருவம் அவர் கண்ணில் பட்டது.

லோரென்ஸ் கதை 1961-இல் நடந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில் ஒரு கணினியில் எளிமையான வானிலை மாதிரியை ஓடவிட்டிருந்தார். ஒரு பகுதியை மறுபடி பார்க்க விரும்பி, அச்சுத்தாளில் இருந்த எண்களை நடுவிலிருந்து தட்டச்சு செய்துவிட்டு ஒரு காபி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது புதிய வானிலை பழைய வானிலையோடு ஒட்டவே இல்லை. முதலில் இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்திருக்கிறார். காரணம் வேறு: கணினி உள்ளே 0.506127 என்று வைத்திருந்ததை, தாளில் இடம் மிச்சப்படுத்த 0.506 என்று அச்சடித்திருந்தது. பத்தாயிரத்தில் சில பங்கு வித்தியாசம், மாதிரிக் கணக்கில் இரண்டு மாதத்துக்குள் முழு வானிலையையே மாற்றிவிட்டது. 1963-இல் இதைக் கட்டுரையாக்கினார். பட்டாம்பூச்சி வந்தது 1972-இல், அவர் பேசிய ஓர் உரையின் தலைப்பாக. பிரேசிலில் பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சூறாவளி கிளம்புமா என்ற அந்தத் தலைப்பை வைத்தது அவர் இல்லை, கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்.

கணக்காகவே காட்ட முடியுமா?

தாராளமாக. கால்குலேட்டர் போதும். 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1-இலிருந்து அதைக் கழித்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 4-ஆல் பெருக்குங்கள். கிடைத்த விடையை வைத்து மறுபடி அதையே செய்யுங்கள். விதி இவ்வளவுதான்.

இப்போது இரண்டு பேர் இதைச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 0.300-இல் தொடங்குகிறார், மற்றவர் 0.301-இல். முதல் படியில் 0.840, 0.842. இரண்டாவதில் 0.538, 0.533. இதுவரை ஒருவர் மற்றவரின் விடையைக் கடன் வாங்கினாலும் குடி முழுகாது. ஆறாவது படியில் 0.32, 0.26. சரி, கொஞ்சம் விலகுகிறது. எட்டாவதில் 0.45, 0.72. பத்தாவதில் ஒருவர் கையில் 0.04, மற்றவர் கையில் 0.62. இரண்டு பேரும் ஒரே விதியைத்தான் பின்பற்றினார்கள், கணக்கில் தப்பும் செய்யவில்லை.

அந்த 4-க்குப் பதிலாக 2.5 போட்டுப் பாருங்கள். எங்கே தொடங்கினாலும் இரண்டு பேரும் 0.6-க்கே வந்து சேருவார்கள். 3.2 போட்டால் இரண்டு எண்களுக்கு நடுவே மாறி மாறி ஆடும். சுமார் 3.57-ஐத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் கேயாஸ். அமைப்பு அதேதான், ஒரு திருகைக் கொஞ்சம் கூட்டினோம், நடத்தையே வேறாகிவிட்டது. சூழலியலாளர் ராபர்ட் மே 1976-இல் ‘நேச்சர்’ இதழில் இந்தச் சமன்பாட்டைப் பற்றி எழுதியபோது, இதை மாணவர்களுக்குச் சீக்கிரமே கற்றுக்கொடுங்கள் என்று வேண்டிக்கொண்டார். எளிய விதி என்றால் எளிய நடத்தைதான் என்று நம்புவது அரசியலிலும் பொருளாதாரத்திலும்கூட நம்மை ஏமாற்றுகிறது என்பது அவர் கவலை.

சரி, எங்கள் நிறுவனம் ஒரு கேயாஸ் அமைப்பா?

நேர்மையான பதில்: அப்படி நிரூபிக்க முடியாது. ஓர் அமைப்பில் கேயாஸ் இருக்கிறது என்று கணித ரீதியாகச் சொல்ல நீண்ட, சுத்தமான தரவு வேண்டும். அந்தக் காலம் முழுக்க விதிகளும் மாறாமல் இருக்க வேண்டும். நிறுவனத்தில் இரண்டுமே கிடைக்காது. பத்து வருட மாதாந்திர விற்பனை என்பது வெறும் 120 எண்கள். அதற்குள் மூன்று முறை விலைக் கொள்கை மாறியிருக்கும், இரண்டு முறை தலைமை மாறியிருக்கும். பங்குச்சந்தைத் தரவு மலையாக இருக்கிறதே என்று 1980-களில் பொருளாதார அறிஞர்கள் அதில் கேயாஸைத் தேடினார்கள். நேர்கோட்டில் அடங்காத தொடர்புகள் இருப்பது தெரிந்தது. கேயாஸ்தான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் சிக்கவில்லை.

ஆகவே ‘உங்கள் நிறுவனம் ஒரு கேயாஸ் அமைப்பு’ என்று யாராவது உறுதியாகச் சொன்னால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். நாம் சொல்லக்கூடியது இதைவிடச் சின்னது: நிறுவனங்களில் பின்னூட்டம் (விளைவே திரும்பி வந்து காரணத்தை மாற்றுவது) இருக்கிறது, தாமதம் இருக்கிறது, கொள்ளளவுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. கேயாஸை உண்டாக்கப் போதுமான சரக்கு இவைதான். இவை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டுப்படுத்திய சூழலில் பார்த்தும் இருக்கிறார்கள்.

எங்கே பார்த்திருக்கிறார்கள்?

எம்.ஐ.டி-யில் ஜே ஃபாரெஸ்டரின் குழு 1960-களில் உருவாக்கிய ‘பீர் விளையாட்டு’ என்ற பயிற்சியில். பெயரைக் கேட்டு யாரும் ஆசைப்பட வேண்டாம், குடிக்க எதுவும் தரமாட்டார்கள். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் வரிசையில் தனக்கு அடுத்தவரிடம் வாராவாரம் ஆர்டர் போட வேண்டும். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரம் ஆகும். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. வாடிக்கையாளர் எவ்வளவு வாங்குகிறார் என்பது சில்லறைக் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

முதல் நான்கு வாரம் வாடிக்கையாளர் தேவை 4 பெட்டி. ஐந்தாவது வாரம் 8 ஆகிறது. அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை 8-தான், மாறவே மாறாது. மொத்த ஆட்டத்திலும் வெளியிலிருந்து வரும் ஒரே அதிர்ச்சி அது.

ஆனால் உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டுமே. கடையில் இருப்பு தீர்கிறது. கடைக்காரர் கூடுதலாக ஆர்டர் போடுகிறார். சரக்கு வரவில்லை, தாமதம். பயந்துபோய் இன்னும் கூட்டுகிறார். மொத்த வியாபாரிக்குத் தேவை விண்ணைத் தொடுவதாகத் தோன்றுகிறது. அவர் அதைவிடக் கூட்டுகிறார். அலை தொழிற்சாலையைத் தொடும்போது மலையாகிவிடும். கொஞ்ச வாரத்தில் போட்ட ஆர்டரெல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். எல்லோரும் ஆர்டரை நிறுத்துவார்கள், தொழிற்சாலை ஈயோட்டும். எம்.ஐ.டி பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989-இல் இந்த ஆட்டங்களின் முடிவுகளைத் தொகுத்தபோது, சராசரி அணியின் செலவு, முடிந்த அளவு நன்றாக ஆடினால் ஆகக்கூடிய செலவைப் போலச் சுமார் பத்து மடங்கு இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் தேவை எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொன்னால், பலரும் ஏறி இறங்கும் அலையைத்தான் வரைவார்கள். நேர்கோட்டைக் காட்டினால் நம்ப மறுப்பார்கள். எரிக் மோசெகில்டேயும் எரிக் லார்சனும் 1988-இல் இதே மாதிரியைக் கணினியில் ஓட்டி, சில ஆர்டர் கொள்கைகளில் அது உண்மையிலேயே கேயாஸுக்குள் போவதைக் காட்டினார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். உதிரிபாகக் கிடங்கின் பொறுப்பாளர் ஒரு வகைத் தாங்கியை (பேரிங்) வழக்கமாகப் பத்துக் கேட்பவர், திடீரென்று இருபது கேட்டிருந்தார். உபயோகம் கூடிவிட்டதா என்று கேட்டேன். “இல்ல சார், பத்து கேட்டா அஞ்சுதான் அனுப்புறாங்க. அதான் இருபதாப் போட்டேன்” என்றார். அவர் கணக்கில் தப்பே இல்லை. மற்ற மூன்று கிளைப் பொறுப்பாளர்களும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து எண்பது தாங்கிகள் ஒரே வாரத்தில் வந்து நின்றன. கிடங்கில் இடமில்லாமல் நடைபாதையில் அடுக்கி வைத்தோம். அந்த வருட ஆய்வுக் கூட்டத்தில் இதற்குச் சொல்லப்பட்ட காரணம் ‘சந்தையின் நிலையற்ற தன்மை’. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கேயாஸ் கோட்பாட்டிலிருந்து ஒரு மேலாளர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், நான் இதைத்தான் கொடுப்பேன்: வெளியிலிருந்து வருவதாகத் தோன்றும் கொந்தளிப்பில் கணிசமான பங்கு நம் சொந்த விதிகளும் தாமதங்களும் உண்டாக்கியது.

அப்படியானால் ஐந்து வருடத் திட்டம் போடுவதே வீணா?

எதைத் திட்டமிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வானிலைக்காரர்களைப் பாருங்கள். அன்றாட வானிலையைச் சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் நம்பகமாகச் சொல்ல முடியாது என்று தெரிந்ததும் அவர்கள் கடையை மூடிவிட்டுப் போகவில்லை. இரண்டு காரியம் செய்தார்கள்.

முதலாவது, ஒரே முன்கணிப்பு என்ற பழக்கத்தை விட்டார்கள். ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையம் 1992 முதல், தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றிப் பல முறை மாதிரியை ஓட்டுகிறது. பிறகு அந்த எண்ணிக்கை 50 ஆனது. ஐம்பதும் ஒரே பக்கம் போனால் தைரியமாகச் சொல்லலாம். மூன்றாம் நாளே சிதறினால், இந்த வாரம் நம்பாதீர்கள் என்பதே முன்கணிப்பு. நிறுவனத்தின் பட்ஜெட்டில் அடுத்த வருட விற்பனைக்கு ஒரே ஓர் எண் இருக்கும், அதுவும் தசமப் புள்ளியோடு. அதே எண்ணை ஐந்தாறு விதமான தொடக்க அனுமானங்களோடு ஓட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இரண்டாவது, வானிலையையும் பருவநிலையையும் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை மழை பெய்யுமா என்று தெரியாது. மழைக்காலத்தில் மழை பெய்யும் என்று தெரியும். ஐந்து வருடம் கழித்து உங்கள் பொருளின் மூன்றாம் காலாண்டு விற்பனை என்ன என்பது செவ்வாய்க்கிழமைக் கேள்வி. நாம் எந்த வேலையில் கெட்டிக்காரர்களாக இருக்கப்போகிறோம், எவ்வளவு கடன் தாங்கும், யாரை ஒருபோதும் ஏமாற்ற மாட்டோம் என்பவை பருவநிலைக் கேள்விகள். திட்ட ஆவணங்களில் செவ்வாய்க்கிழமைகளுக்கு நாற்பது பக்கமும் பருவநிலைக்கு அரைப் பக்கமும் ஒதுக்குவதுதான் வழக்கம்.

ஷெல் எண்ணெய் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்தது. பியர் வாக் தலைமையிலான குழு ஒரே எதிர்காலத்தைக் கணிப்பதை விட்டு, ஒன்றோடொன்று முரண்படும் சில எதிர்காலங்களைக் கதைகளாக எழுதி மேலாளர்கள் முன் வைத்தது. எண்ணெய் விநியோகம் தடைபட்டு விலை எகிறும் கதை அவற்றில் ஒன்று. 1973 அக்டோபரில் நெருக்கடி வந்து, சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. தேதியை அந்தக் குழு சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு உலகத்தில் என்ன செய்வோம் என்று ஒருமுறையாவது யோசித்துப் பார்த்தவர்கள் அந்த நிறுவனத்தில் இருந்தார்கள்.

இன்னும் நிறையத் தரவும் செயற்கை நுண்ணறிவும் வந்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

மேலே பார்த்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதில் பிழை சராசரியாகப் படிக்கு இரண்டு மடங்காகிறது. தொடக்கத் தரவை 10 மடங்கு துல்லியமாக்கினால் எவ்வளவு தூரம் கூடுதலாகப் பார்க்கலாம்? மூன்று படி, கொஞ்சம் மேலே. 100 மடங்கு துல்லியமாக்கினால் ஆறேழு படி. துல்லியத்துக்கான செலவு மடங்கு மடங்காக ஏறும். தெரியும் தூரமோ ஒவ்வோர் அடியாகத்தான் நீளும். எந்த மென்பொருள் வந்தாலும் இந்தக் கூட்டல் கணக்கு மாறாது.

இதில் நிறுவனங்களுக்கு மட்டும் இன்னொரு தொல்லை உண்டு. நாளை மழை என்று சொன்னால் மேகம் மனதை மாற்றிக்கொள்ளாது. விலை ஏறப்போகிறது என்று சொன்னால் வாங்குபவர் இன்றே வாங்கிவிடுவார்.

தரவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அடுத்த வாரத்துக்கான தரவு தங்கம். அடுத்த தசாப்தத்துக்கான தரவு மாதிரிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை, தப்பு நடந்தால் சீக்கிரம் தெரிந்துகொள்ளும் வழிகளுக்குச் செலவிடலாம் என்பதே என் கட்சி.

பட்டாம்பூச்சி விளைவுக்கு வணிக உலகில் நல்ல உதாரணம் உண்டா?

எல்லோரும் சொல்வது ஆல்புகெர்க்கி தீ விபத்து. 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சில்லு ஆலையில் மின்னலால் ஒரு சின்னத் தீ. பத்து நிமிடம் போல எரிந்து அணைந்தது. ஆனால் புகையும் தூசியும் சுத்த அறைக்குள் போய்விட, உற்பத்தி வாரக்கணக்கில் குலைந்தது. அந்தச் சில்லுகளை நம்பியிருந்தவர்களில் நோக்கியாவும் எரிக்சனும் முக்கியமானவர்கள். நோக்கியாவில் சரக்கு வரத்தில் வந்த சிறு பிசகை உடனே பிடித்து, மேலிடம்வரை கொண்டுபோய், மாற்று ஆலைகளைத் தேடி வளைத்துப்போட்டார்கள். எரிக்சனில் செய்தி மேலே ஏறவே நாளானது. மாற்று ஏற்பாடும் இல்லை. நஷ்டம் சுமார் 40 கோடி டாலர். அடுத்த வருடம் அதன் கைப்பேசித் தொழில் சோனியுடன் கூட்டுக்குள் போனது.

இதைப் பட்டாம்பூச்சி விளைவு என்று சொல்லும்போதுதான் எனக்குத் தயக்கம். தீ இரண்டு பேருக்கும் ஒன்றே. ஒருவருக்கு அது பெரிதாகவில்லை. பார்க்க வேண்டியது பூச்சியையா, அதன் சிறகடிப்பைப் பெருக்கிவிட்ட அமைப்பையா? 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில், எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் விட்டுப்போனது. முக்கால் மணி நேரத்தில் 40 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. அந்த ஒரு சர்வரைத் திட்டிப் புண்ணியமில்லை. முக்கால் மணி நேரம் நிறுத்த ஆளில்லாமல் ஓடியதைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், நடந்து முடிந்ததும் பின்னோக்கிப் போய் ஒரு பூச்சியைப் பிடித்துவருவது சுலபம். ‘அன்று அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட்டிருந்தால்’ என்று ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கதை தயாராகிவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, பழம் விழும் நேரத்தில் காக்கை உட்கார்ந்ததா என்று சொல்ல முடியாத இடத்தில், காக்கையை வேலையை விட்டு நீக்குவது நிறுவனங்களின் வழக்கம்.

‘கேயாஸின் விளிம்பில்’ இருந்தால்தான் புதுமை பிறக்கும் என்கிறார்களே?

கவர்ச்சியான வாக்கியம். மூலம், 1980-களின் பிற்பகுதியில் செல்லியல் தன்னியக்கிகள் என்ற கணினி மாதிரிகளில் நடந்த ஆராய்ச்சி. உறைந்த ஒழுங்குக்கும் கேயாஸுக்கும் நடுவில் உள்ள குறுகிய பட்டையில்தான் சுவாரசியமான நடத்தை தோன்றுகிறது, பரிணாமமும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது என்று நார்மன் பேக்கர்டு சொன்னார். 1993-இல் மெலனி மிட்செல் குழு அதே சோதனையை மறுபடி செய்தபோது அந்த முடிவு வரவில்லை. வணிக நூல்களை இந்தச் செய்தி எட்டியதாகத் தெரியவில்லை.

ஊழியர்களுக்கு வேண்டுமென்றே குழப்பத்தைக் கொடுத்துவிட்டு ‘விளிம்பில் வைத்திருக்கிறேன்’ என்று பெருமைப்படும் தலைவரிடம் இருப்பது கணிதம் இல்லை.

ஈர்ப்பான் என்பதை நிறுவனக் கலாசாரத்தோடு ஒப்பிடுகிறார்களே, சரியா?

உவமை என்று தெரிந்து பயன்படுத்தினால் சரி. கேயாஸ் அமைப்பின் பாதைகள் கடைசியில் சுற்றிவரும் வடிவத்துக்கு ஈர்ப்பான் என்று பெயர். லோரென்ஸின் ஈர்ப்பான் படத்தில் இரண்டு இறக்கைகள் தெரியும். பாதை ஒன்றில் சில சுற்றுச் சுற்றிவிட்டு மற்றதற்குத் தாவும், எப்போது தாவும் என்று சொல்ல முடியாது. அதிகாரத்தைத் தலைமையகத்தில் குவிப்பது, பிறகு கிளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது, மறுபடி குவிப்பது என்று சில வருடத்துக்கு ஒருமுறை ஆடும் நிறுவனங்களைப் பார்க்கும்போது அந்தப் படம் ஞாபகம் வரும். ஒவ்வொரு மறுசீரமைப்பும் புரட்சி என்று அறிவிக்கப்படும். ஊக்கத்தொகை எதற்குக் கிடைக்கிறது, யார் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற இரண்டும் மாறாதவரை பாதை பழைய வடிவத்துக்கே திரும்பும்.

எல்லோரையும் நூறு சதவீதம் வேலையில் வைத்திருப்பது தப்பா?

ஆமாம். இதற்குக் கேயாஸ்கூட வேண்டாம், வரிசைக் கோட்பாடு போதும். வேலை தாறுமாறான இடைவெளியில் வந்து சேரும், ஒவ்வொன்றும் முடிய ஆகும் நேரமும் அதேபோல் தாறுமாறாக இருக்கும் ஒரே கவுன்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அது நேரத்தில் 80 சதவீதம் வேலையாக இருந்தால், வருபவர் சராசரியாக நான்கு பேருக்கு வேலை முடியும் நேரம் காத்திருப்பார். 90 சதவீதமானால் ஒன்பது. 95 ஆனால் பத்தொன்பது. எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்துக்குப் போனதில் மேலாளருக்குக் கிடைத்த லாபம் 15 சதவீதப் புள்ளி. காத்திருப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகிவிட்டது. அந்த நிலையில் ஒருவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் சமாளிக்க வாரங்கள் ஆகும். கொஞ்சம் காலியாக உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் நிதித்துறைக்குக் கண் உறுத்தும். சிறு அதிர்ச்சி பெரிதாகாமல் தாங்கிக்கொள்வது அந்தக் காலியிடம்தான்.

கேயாஸும் சிக்கல்தன்மையும் ஒன்றா?

இல்லை. கேயாஸுக்கு ஒரே ஒரு சமன்பாடு போதும், பார்த்தோம். சிக்கல்தன்மை என்பது தமக்குள் பழகி, கற்று, மாறிக்கொள்ளும் பல பேர் சேர்ந்த அமைப்பைப் பற்றியது. நிறுவனங்களுக்கு நெருக்கமானது இரண்டாவதுதான். நிலைமைக்கு ஏற்ப முடிவெடுக்க மேலாண்மை ஆலோசகர் டேவ் ஸ்னோடன் வகுத்த கெனெவின் சட்டகத்தில் வரும் ‘கேயாஸ்’ வேறு அர்த்தம்: காரண காரியம் எதுவும் பிடிபடாத அவசர நிலை. நெட்ஃபிளிக்ஸின் ‘கேயாஸ் மங்கி’ இன்னும் வேறு: ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைத் தாமே அவ்வப்போது நிறுத்தி, அமைப்பு தாங்குகிறதா என்று சோதிக்கும் மென்பொருள். பெயர் மட்டும் ஒன்று.

அப்படியானால் மேலாளர் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் தாமதத்தைக் குறையுங்கள். முன்கணிப்பைக் கூர்மையாக்குவதைவிட இது பெரும்பாலும் மலிவு. பீர் விளையாட்டில் எல்லோருக்கும் கடைசி வாடிக்கையாளரின் தேவை தெரிந்தாலே ஆட்டம் பெருமளவு அடங்கிவிடும். டொயோட்டா ஆலைகளில் குறை தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கூப்பிடலாம். குறிப்பிட்ட நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். அங்கே பிழை அடுத்த நிலையத்துக்குப் போகும் முன் பிடிபடுகிறது. அதே பிழை மாத அறிக்கையில் முதல் தடவையாகத் தெரியும் நிறுவனத்தில் முப்பது நாள் பெருகியிருக்கும்.

அடுத்து, திரும்பப் பெறக்கூடிய முடிவையும் பெற முடியாததையும் பிரியுங்கள். திரும்பப் பெறக்கூடியதை வேகமாக, சின்னதாகச் செய்து பாருங்கள். கட்டடம், பெரிய கடன், நிறுவன இணைப்பு போன்றவற்றில் எத்தனை எதிர்காலங்களில் அது நம்மை மூழ்கடிக்காது என்று பாருங்கள். எந்த எதிர்காலத்தில் அதிக லாபம் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது கொஞ்சம் கஷ்டம்: எதிர்வினையை அடக்குங்கள். ஒரு வார எண் குறைந்தால் உடனே இலக்கை மாற்றி, விளம்பரத்தைக் கூட்டி, அடுத்த வாரம் ஏறியதும் மறுபடி மாற்றுவது, மேலே பார்த்த சமன்பாட்டில் அந்தத் திருகை 2.5-இலிருந்து 4-க்குத் திருப்புவது மாதிரி. துடிப்பான நிர்வாகம் என்று பாராட்டு கிடைக்கும். ஆட்டம் உங்களால்தான் வருகிறது என்பது யாருக்கும் தெரியாது.

கட்டுப்பாட்டை விட்டுவிட வேண்டும் என்று இதற்கெல்லாம் அர்த்தமா என்று கேட்பார்கள். வண்டியின் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பவரைவிட, லேசாகப் பிடித்து அடிக்கடி சிறிது திருத்துபவர் நேராகப் போவார். கையை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரே ஒரு முன்கணிப்பை எடுங்கள், உதாரணத்துக்கு விற்பனை. கடந்த இரண்டு வருடத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும், ஒரு மாதம் முன்பு என்ன சொன்னோம், மூன்று மாதம் முன்பு என்ன சொன்னோம், பன்னிரண்டு மாதம் முன்பு என்ன சொன்னோம், நடந்தது என்ன என்று நான்கு வரிசை போடுங்கள். பழைய கோப்புகளைத் தோண்டி எடுக்க ஒருநாள் ஆகும். சில கோப்புகள் பிறகு ‘திருத்தப்பட்டு’ இருப்பதும் தெரியவரும், அதுவும் ஒரு தகவல்தான். பிறகு, போன வருடம் இதே மாதம் என்ன விற்றதோ அதையே இந்த வருடமும் சொல்லியிருந்தால் எவ்வளவு பிழை வந்திருக்கும் என்று ஐந்தாவது வரிசை போடுங்கள். உங்கள் முன்கணிப்பு எந்த மாதத் தூரத்தில் இந்த ஐந்தாவது வரிசையிடம் தோற்கத் தொடங்குகிறதோ, அதுதான் உங்கள் நிறுவனத்தின் கண்ணுக்கெட்டும் தூரம். நான் போட்டுப் பார்த்த ஓர் இடத்தில் அது நான்கு மாதம். அங்கே மூன்று வருட இலக்கு எண்கள் வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன.